வீட்டுப் பக்கத்தில் நிலக்குளவிக் கூடு: பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பெங்களூரில் வீடு பார்க்கும்போது காவிரித் தண்ணீர் வருகிறதா, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று கேட்கிறோம். பக்கத்தில் காலி சைட் இருந்தால் காற்றும் வெளிச்சமும் வரும் என்று சந்தோஷப்படுகிறோம். ராமமூர்த்தி நகர், ஹொரமாவு, பேகூர், சர்ஜாபூர் சாலை என்று நகரம் விரிந்த பக்கமெல்லாம் 30க்கு 40 அடி மனைகள் வீடுகளுக்கு நடுவே சும்மா கிடக்கின்றன. ஆமணக்கும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் மண்டியிருக்கும். யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு மேடாகியிருக்கும். அதன் அடியில் பெருச்சாளி வளை தோண்டும். பெருச்சாளி விட்டுப்போன வளையில் கதண்டு என்ற பெரிய குளவி குடியேறும்.

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வளை இருந்தது. குளவிகள் போய்வருவதை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகளிடம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னதோடு சரி. புல் வெட்டுவதற்காக மனைக்காரர் அனுப்பிய பெரியவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் மண்வெட்டியால் இரண்டு போடு போட்டதும் கிளம்பிவிட்டன. கழுத்து, காது, முழங்கை என்று 11 இடங்களில் கொட்டு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "தெரிஞ்சிருந்துதாப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். மூன்று நாள் படுத்திருந்து நல்லபடியாக வீடு திரும்பினார். அவர் கேட்ட அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உட்கார்ந்து பாருங்கள்

மண்ணில் ஓட்டையும் அதைச் சுற்றிக் குளவியும் தென்பட்ட உடனே மருந்து வாங்க ஓடாதீர்கள். ஒரு நாற்காலியை எடுத்து 20 அடி தள்ளிப் போடுங்கள். ஓட்டைக்கு நேரெதிரே வேண்டாம். பறந்து வந்து இறங்கும் பாதை அதுவாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் உட்காருங்கள். காலை 10 மணி வாக்கில் ஒரு முறை, மாலை 5 மணிக்கு ஒரு முறை. கைபேசியில் 5 நிமிடம் வைத்துக்கொண்டு, உள்ளே போவது எத்தனை, வெளியே வருவது எத்தனை என்று எண்ணுங்கள். செய்ய வேண்டியது என்ன என்பதில் பாதி இந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றோ இரண்டோ மட்டும் வந்துபோனால் அது தனிக்குளவி. ஒரு பெண் குளவி, ஒரு குழி, அவ்வளவுதான் அதன் குடும்பம். பெங்களூரில் எங்கே பார்த்தாலும் கட்டட வேலை நடப்பதால் மணல் குவியலுக்குக் குறைவில்லை. தனிக்குளவிகளுக்கு அது மிகவும் பிடித்த இடம். சில சமயம் பத்துப் பதினைந்து குளவிகள் அடுத்தடுத்துக் குழி தோண்டும். பார்க்கக் கூட்டம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் குழிக்குள் மட்டுமே நுழையும். ஒன்று வெட்டுக்கிளியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு வரும், ஒன்று பச்சைப் புழுவை இழுத்துவரும், மணலில் வாழும் இன்னொரு வகை ஈக்களைப் பிடிக்கும். மெல்லிய இடையுள்ள ஒரு வகைக்குளவி குழியை மூடுவதைப் பொறுமையாகப் பார்த்தால், தாடையில் சிறு கல்லைக் கவ்வி, மண்ணின் மேல் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துவதைக் காணலாம். இவற்றைக் கையில் பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. குழியைக் காக்க மனிதரைத் துரத்தி வரும் பழக்கம் இவற்றுக்கு இல்லை.

புழுவைக் கொட்டக் கொட்ட அது குளவியாக மாறிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நடப்பது வேறு. குளவி தன் கொடுக்கால் புழுவை அசையவிடாமல் மரக்கவைத்துக் குழிக்குள் வைத்து, அதன் மேல் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுப்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து குளவியாகி வெளியே வருகிறது. சுவரில் மண்கூடு கட்டும் குளவியும் இதே வேலையைத்தான் சிலந்தியை வைத்தோ புழுவை வைத்தோ செய்கிறது. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அதைக் கலைக்காமல் விடுகிறோம் இல்லையா, மண்ணில் குழி தோண்டும் அதன் உறவுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். சில வாரங்களில் வேலை முடிந்து தானாகப் போய்விடும்.

5 நிமிடத்தில் பத்து, இருபது என்று ஓயாமல் போக்குவரத்து இருந்தால் கதை வேறு. உள்ளே ஒரு ராணியும் அவளுடைய வேலைக்காரக் குளவிகளும் இருக்கின்றன. அதுதான் கதண்டு. தஞ்சை, நாகைப் பக்கம் கதண்டு என்போம், தென்மாவட்டங்களில் கடந்தை என்பார்கள், கன்னடத்தில் கணஜ. பெங்களூரில் மண்ணுக்கடியிலும் மரப்பொந்திலும் கட்டுகிற வகை கரிய உடல் கொண்டது. வயிற்றில் மட்டும் அகலமான ஆரஞ்சுப் பட்டை ஒன்று இருக்கும். நீளம் கிட்டத்தட்ட விரலின் ஒரு கணு அளவு. ஓட்டையின் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் உள்ளிருந்து ஒரு முகம் தெரியும். கொம்பை அசைத்தபடி ஒன்று வாசலிலேயே நிற்கும். அது காவல். எங்கள் வளையில் சில குளவிகள் வாயில் மண் உருண்டையோடு வெளியே வந்து, தூரத்தில் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பின. கூடு பெரிதாகப் பெரிதாக உள்ளே இடம் வேண்டுமல்லவா, அதற்காகத் தோண்டுகின்றன. அப்படி மண் வெளியே வருகிறதென்றால் கூடு இன்னும் வளர்கிறது என்று பொருள்.

சன்ஷேடுக்கு அடியில் காகிதத்தால் செய்த பூ போலத் தொங்குகிறதே, அந்தச் சிறு குளவிகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சிறு குளவிகளில் ஒரு வகையைத்தான் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, ராணி எப்படி உருவாகிறாள், அவளுக்குப் பின் யார் என்பதையெல்லாம் கண்டறிந்தார். நம் கதண்டுக்கு அந்தக் கூடுகள்தான் வேட்டைக்களம். உங்கள் சன்ஷேடில் இருந்த கூடு ஒரே நாளில் காலியாகிவிட்டால், அருகில் எங்கோ கதண்டு இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். சுவர் விரிசலிலோ மண் பொந்திலோ போய்வருவது உடலில் மென்மயிரும் பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையும் உள்ள சிறு பூச்சி என்றால் அது தேனீ. அதைக் கொல்லவே கூடாது. பொந்துத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுபோகத் தேனீ வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹெப்பாலைத் தாண்டி இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

கதண்டு என்று உறுதியானால், அதே நாளில் செய்ய வேண்டிய வேலை இது. கூட்டை எடுப்பது நாளைக்கோ அடுத்த வாரமோ ஆகட்டும், செய்தி இன்றே போக வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் நமக்கு ஆபத்து குறைவு. விடிந்ததும் தெரு பெருக்க வரும் பௌரகார்மிகர்கள், குப்பை ஆட்டோவில் வருபவர்கள், புல் வெட்டுபவர், கேபிள் இழுக்க வருபவர், மின்மீட்டர் பார்க்க வருபவர், பந்து தேடி வரும் பிள்ளைகள் ஆகியோரின் கால்தான் அந்த வளையின் மேல் விழும். கதண்டுக்குப் பிடிக்காதது நிலத்தின் அதிர்வு. மண்வெட்டி, புல் வெட்டும் இயந்திரம், ஓடும் கால்கள் எல்லாம் அதற்குத் தாக்குதல் போலத்தான்.

வளையிலிருந்து 20 அடி தள்ளிச் சுற்றிலும் கயிறு கட்டுங்கள். குச்சி நடுவதற்குச் சுத்தியலால் அடிக்காதீர்கள், இருக்கிற செடியிலோ கம்பத்திலோ கட்டினால் போதும். ஒரு அட்டையில் பெரிதாக எழுதித் தொங்கவிடுங்கள். கன்னடம் தெரியாது என்று தயங்காதீர்கள். "இல்லி கணஜத கூடு இதெ, ஹத்திர ஹோகபேடி" என்று சொன்னால் யாருக்கும் புரியும். இங்கே குளவிக் கூடு இருக்கிறது, அருகில் போகாதீர்கள் என்பதுதான் அர்த்தம். இதையே பக்கத்துக் கடைக்காரரிடம் கன்னட எழுத்தில் எழுதி வாங்கி அட்டையில் ஒட்டலாம். நான் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான்.

எடுக்கத்தான் வேண்டுமா

வளை மனையின் கோடியில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் இருந்தால் கயிறும் அட்டையுமாக விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ஒரு ராணி தனியாகத் தொடங்கும் கூடு மழைக்காலத்தில் பெருகி, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் உச்சத்தைத் தொடும். பிறகு புதிய ராணிகள் பறந்து போகும், பழைய கூட்டம் தேய்ந்து அழியும். பெங்களூரில் குளிர் கடுமையாக இல்லாததால் இந்தத் தேதிகள் முன்பின் ஆகலாம். காலியான கூட்டில் அதே கூட்டம் திரும்பி வருவதில்லை.

ஆனால் நடைபாதை, விளையாடும் இடம், மோட்டார் அறை, துணி உலர்த்தும் இடம் இவற்றுக்கு அருகில் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தோ மூச்சு இரைத்தோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

எடுப்பதை நீங்கள் செய்யாதீர்கள். ஊரில் தாத்தா தீப்பந்தத்தோடு போன கதை எல்லாருக்கும் உண்டு. வீடுகள் நெருங்கிய தெருவில் தீப்பந்தம் புதரையும் பக்கத்து வீட்டுக் காரையும் சேர்த்துப் பிடிக்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றினால் மண் கெடும், போர்வெல்லுக்கும் நல்லதல்ல. தண்ணீர் ஊற்றினால் கூடு நனையுமே தவிர கூட்டம் அழியாது, கோபம்தான் மிஞ்சும். ஓட்டையைச் சிமெண்டால் அடைப்பது எல்லாவற்றிலும் மோசம். அடைபட்ட குளவிகள் வேறு வழி தோண்டும். அந்த வழி உங்கள் வீட்டு அஸ்திவாரத்தின் பக்கமாகவும் திறக்கலாம். கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை ஓட்டைக்குள் அடிப்பவர்கள், எட்டும் தூரத்தில் நிற்கும் ஐந்தாறைக் கொன்று, உள்ளே இருக்கும் நூற்றுக்கணக்கானவற்றை எழுப்பிவிடுகிறார்கள். நசுங்கும் குளவியின் நஞ்சிலிருந்து எழும் வாசனையே மற்றவற்றுக்குப் போர் முரசு.

மனை யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். வாடகை வீட்டின் வளாகத்துக்குள் என்றால் வீட்டுக்காரரிடம், அடுக்ககம் என்றால் சங்கத்திடம் எழுத்தில் சொல்லுங்கள். பூங்கா, சாலையோரம் போன்ற பொது இடம் என்றால் 1533 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், உங்கள் தெரு கிழக்கா, வடக்கா, எந்த மாநகராட்சியில் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பேச்சு சுருங்கும். தமிழ்நாட்டில் கதண்டு என்றால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்வது வழக்கம். இங்கே தனியார் மனை என்றால் பெரும்பாலும் பூச்சிக் கட்டுப்பாட்டுக்காரர்களைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

அவர்களிடம் கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். என்ன மருந்து, தூளா திரவமா என்று கேளுங்கள். மண் வளைக்கு நன்றாக வேலை செய்வது தூள். உள்ளே போகும் குளவி ஒவ்வொன்றும் அதைக் காலில் சுமந்து கூட்டின் அடிவரை கொண்டுபோகும். மருந்து டப்பாவில் சதுரத்துக்குள் ஒரு முக்கோணம் நிறத்தோடு இருக்கும். சிவப்பு கடும் நஞ்சு, அதற்கடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை மிகக் குறைவு. குழந்தைகள் புழங்கும் இடத்துக்குச் சிவப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முகவலையும் தடித்த முழு உடுப்பும் இல்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். அவர் தைரியசாலியாக இருக்கலாம். கொட்டு வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது அவர்தான்.

நண்பகலில் வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இருட்டிய பிறகுதான் இரைதேடப் போனவற்றில் பெரும்பாலானவை கூடு திரும்பியிருக்கும். வெள்ளை விளக்கை நோக்கிக் குளவி பறந்து வரும்; சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருப்பவர் தொழில் தெரிந்தவர். அன்று மாலை அந்தப் பக்கத்துச் சன்னல்களை மூடி, வாசல் விளக்கை அணைத்து, நாயையும் பூனையையும் உள்ளே கட்டுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொட்டிவிட்டால்

ஒரு குளவி அருகில் சுற்றினால் கையை வீசாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கூட்டமாகக் கிளம்பிவிட்டால் நிற்காதீர்கள். சட்டையையோ துண்டையோ முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு நேராக ஓடி, ஏதாவது வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள்.

தேனீயைப் போலக் குளவியின் கொடுக்கு தோலில் சிக்குவதில்லை. அதனால் ஒரே குளவி திரும்பத் திரும்பக் கொட்டும். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்து எடுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம்தான், ஆனால் அது தோலைப் புண்ணாக்கும், வேண்டாம்.

ஒன்றிரண்டு கொட்டுக்கு வலியும் வீக்கமும் சாதாரணம். கொட்டாத இடங்களிலும் தடிப்பு கிளம்புவது, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இரைப்பது, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் ஒவ்வாமை தாக்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். 108க்குப் போன் செய்யுங்கள். கால்களைச் சற்று உயர்த்தி மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசி போட்டுத் தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி தாக்கலாம் என்பதால், டாக்டர் இருக்கச் சொன்னால் இருந்துவிட்டே வாருங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் எந்த மாத்திரை என்று டாக்டரிடம் சொல்லுங்கள்; சில மாத்திரைகள் அட்ரினலினை முழுதாக வேலை செய்ய விடாது.

பல இடங்களில் கொட்டு வாங்கியவர், வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டுப்பட்டவர், சிறு குழந்தை, முதியவர் ஆகியோர் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நஞ்சு அதிகம் ஏறினால் தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும். இது இரண்டு மூன்று நாள் கழித்தும் தெரியலாம். சிறுநீர் குறைந்தாலோ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ உடனே திரும்பப் போங்கள். எங்கள் பெரியவரை மூன்று நாள் வைத்திருந்தது இதைக் கண்காணிக்கத்தான்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் 24 மணி நேர அவசரப் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பதை இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு வெளிவட்டச் சாலையில் மாட்டிக்கொண்டு தேடும் விஷயம் அல்ல அது.

எடுத்த பிறகு

மருந்து போட்ட மறுநாள் காலையில் சில குளவிகள் வாசலைச் சுற்றித் தடுமாறும். வெளியே தங்கிவிட்டுத் திரும்பியவை அவை. கயிற்றை அவிழ்க்காதீர்கள். மூன்று நாள் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்து 5 நிமிடம் எண்ணுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால், மருந்து போட்டவரையே வரச் சொல்லி வளையைத் தோண்டி அடுக்குகளை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வளையில் மூன்றடி ஆழத்தில் நான்கு அடுக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பழுப்புக் காகிதம் போன்ற அறைகள், சிலவற்றில் வெள்ளை மூடி. மருந்து பட்ட அவற்றைக் கோழிக்கோ நாய்க்கோ எட்டும்படி போடக் கூடாது. கையுறையோடு எடுத்து, உறையில் கட்டி, அவர்களையே கொண்டுபோகச் செய்யுங்கள்.

குழியை உடைந்த செங்கல்லும் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே மண் போட்டு மூடுங்கள். வெறும் மண்ணைத் தள்ளினால் பெருச்சாளி திரும்பவும் தோண்டிவிடும். புதிய ராணி இடம் தேடுவதற்கு முன், மார்ச்சிலோ ஏப்ரலிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில் ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெருச்சாளி வளை, பட்ட மரத்தின் அடிப்பொந்து, தளக்கல் விரிசல் எது கண்ணில் பட்டாலும் அப்போதே அடைத்துவிடுங்கள். இடிபாட்டு மேட்டை அள்ளச் சொல்லி மனைக்காரரிடம் பேசுவதற்கும் அதுவே நேரம். அள்ள வரும் ஆட்களோடு முதல் அரை மணி நேரம் நீங்களும் கூட நில்லுங்கள்.